சுவையை எழுதிய நீதிபதி

சமையல் நூலை அடுக்களையில் வைத்துப் படிப்போம்; காரியம் முடிந்ததும் மூடிவிடுவோம். உண்பதைப் பற்றிய நூல் என்று வேறொன்று உண்டு. அதனைச் சாய்வு நாற்காலியிற் கிடந்து படிக்கலாம். பசியில்லாத வேளையிலும் படிக்கலாம். அதிற் கூறப்படும் பண்டங்களை நாம் ஒருநாளும் உண்ணப் போவதில்லை என்பதும், அவற்றுட் சில நம்மிற் பலருடைய ஆசாரத்துக்கு ஒவ்வாதன என்பதும் படிப்பின் இன்பத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. ஐரோப்பிய மொழிகளில் இத்தகைய நூல்கள் இன்று ஏராளம். அவற்றுட் பலவற்றுக்கு மூதாதை என்று சொல்லத்தக்க நூல் 1825ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பாரிஸ் நகரில் வெளிவந்தது. சுவையின் உடலியல் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு முன்பே கிரிமோ என்னும் விசித்திர மனிதர் உணவுப் பிரியர்களுக்கென ஒரு பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கினார் என்பது மெய்யே. ஆயினும், இன்றும் வாசகர் விரும்பித் தேடுவது முன்னதையே.

அதனை இயற்றியவர் சமையற்காரரல்லர். மருத்துவருமல்லர். பிரான்சு தேசத்தின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் கால் நூற்றாண்டு காலம் வீற்றிருந்த நீதிபதி, கலியாணம் செய்யாதவர், வயலின் வாசிப்பவர், ஒரு காலத்திற் கொலைக்களத்துக்குத் தப்பி ஊர்விட்டு ஊர் ஓடியவர். ஜோன் அந்தெல்ம் பிரியா-சவாரன் என்பது அவர் முழுப்பெயர். சவாரன் என்றே இங்குச் சுருக்கமாகக் குறிப்போம்.

1755ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பெல்லே என்னுஞ் சிற்றூரில் அவர் பிறந்தார். றோன் நதிக்கு அண்மையில், சவோய் நாட்டெல்லையோடு ஒட்டியிருக்கும் மலைப்பாங்கான பிரதேசம் அது. காட்டிற் காடையும் கௌதாரியும், ஆற்றில் மீனும் நண்டும், சரிவுகளில் முந்திரிகைத் தோட்டங்களும் நிறைந்த வளநாடு. பரம்பரை பரம்பரையாக வழக்கறிஞரை ஈந்த குடும்பம் அவருடையது. தாயார் அழகிற் பெயர்பெற்றவர், விருந்தோம்பலிலும் அவ்வாறே. அந்த அம்மையாரின் பெயர் தாங்கிய இறைச்சிப் பணியாரமொன்றைப் பிரெஞ்சுச் சமையற்காரர் பிற்காலத்திலும் செய்துவந்தனர். இளைஞர் சவாரன் டிஜோன் நகருக்குச் சென்று சட்டம் பயின்றார். அங்கே இரசாயனத்தையும் வைத்தியத்தையும் சேர்த்துக் கற்றதுதான் பின்னர் அவருக்குப் பெரும்பயன் தந்தது. ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழிலை நடத்தினார். அவர் வாழ்வு அப்படியே அமைதியாய்க் கழிந்திருக்கும். அவர் பெயரை இன்று நாம் அறிந்திருக்கவும் மாட்டோம்.

1789 வந்தது. சாமானிய மக்களின் பிரதிநிதியாகப் பெல்லே மக்கள் அவரை வெர்சேய்க்கு அனுப்பினர். அவ்வாண்டு ஒக்டோபரிற் பாண் இன்றி வாடிய பாரிஸ் நகரப் பெண்கள் திரண்டு வெர்சேய்க்கு நடந்து வந்தபோது அவரும் அந்தச் சபையின் உறுப்பினர். இதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சபையில் அவர் பெரிய பேச்சாளரல்லர். ஆயினும் அவருடைய பேச்சொன்று வரலாற்றில் நிலைத்திருக்கிறது. 1791ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மரண தண்டனையை ஒழிப்பதா, வைத்திருப்பதா என்ற விவாதம் எழுந்தது. ஒழித்தேயாக வேண்டும் என்று உருக்கமாக வாதாடியவர் யார் தெரியுமா? ரொபெஸ்பியர். ஒழிக்கலாகாது, சமுதாயத்தின் பாதுகாப்புக்கு அது வேண்டும் என்று வாதாடியோருள் ஒருவர் நமது சவாரன். மரண தண்டனை நிலைத்தது. மூன்று ஆண்டுகள் செல்லுமுன்னே, அதனை எதிர்த்தவர் கையில் அதிகாரம் குவிந்தது. ஆதரித்தவருடைய தலைக்கே ஆபத்து வந்தது. நாடகாசிரியன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் மிகை என்று நாம் குறை கூறுவோம்.

சபை கலைந்தபின் ஊர் திரும்பிய அவர் நீதிமன்றத் தலைவராகவும் பெல்லே நகர பிதாவாகவும் பணியாற்றினார். தலைநகரிலிருந்து வந்த தீவிரவாதத்தைத் தம்மூருக்குள் விடாது தடுக்க முயன்றார். மிதவாதி என்ற பழி சூழ்ந்தது. அந்நாளில் மிதவாதி என்பதற்கும் துரோகி என்பதற்கும் இடையே ஒரு முழ தூரமும் இல்லை. 1793இல், சிறையினின்றும், சிறைக்கு அப்பாலுள்ள கொலைக்களத்தினின்றும் தம்மைக் காக்கக்கூடிய அனுமதிச் சீட்டொன்றைப் பெறுவதற்காக அவர் டோல் நகருக்குக் குதிரையிற் புறப்பட்டார். அங்கே புரோ என்னும் மக்கட் பிரதிநிதியின் கையிலேதான் அந்தச் சீட்டு இருந்தது.

இனி நடந்ததை அவர் நூலிற் படிக்கவேண்டும். உயிருக்கு மன்றாடப் போகும் மனிதன் வழியிலே என்ன காண்பான்? சவாரன் கண்டது ஒரு விடுதி அடுக்களையில், அடுப்புக்கு முன்னே சுழன்றுகொண்டிருந்த இருப்புக்கோலையும், அதிற் கோக்கப்பட்டிருந்த காடைகளையும், பக்கத்தில் வெந்துகொண்டிருந்த இளமுயலையும். விசாரித்தபோது, அவை வேறு சிலருக்காகச் சமைக்கப்படுவன என்று தெரிந்தது. வழக்கொன்றின் பொருட்டு வந்திருந்த சட்டத்தரணிகள் அவர்கள். தம்மையும் பந்தியிற் சேர்த்துக்கொள்ளுமாறு சவாரன் பணிவோடு கேட்டார், அவர்களும் சேர்த்துக்கொண்டனர். உண்டார், குடித்தார், பாடினார். பின்பு குதிரையேறி டோல் சென்றார். புரோ அவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினார். சீட்டுக் கிடைக்கும் குறியே இல்லை. ஆனால் அவருடைய மனைவியார் சங்கீதப் பித்துடையவர். இரவு உணவுக்குப் பின் இருவரும் பாடல் நூல்களைப் புரட்டினர். அவர் பாட, இவரும் பாட, நெடுநேரம் கழிந்தது. கலையை இவ்வளவு போற்றும் ஒருவர் தேசத்துரோகியாக இருக்கமுடியாது என அந்த அம்மையார் முடிவு கட்டிவிட்டார். மறுநாட் காலை கையொப்பமிட்ட சீட்டு வந்து சேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியை அவர் கூறும் முறை சிலருக்கு வெறுப்பையூட்டும். எத்தனையோ பேர் தலையிழந்த காலத்திற் காடையின் பக்குவத்தை நினைவு வைத்திருப்பதா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அச்சத்தின் நடுவே அந்த நண்பகல் அவருக்குக் கிடைத்தது; அச்சத்தை மறந்து அதனை நினைவில் வைத்துக்கொண்டார். தமக்குத் தீங்கு செய்ய வந்தோர் பெயரை நூலில் விரித்தெழுத அவர் விரும்பவில்லை. நன்மை செய்த பெண்மணியின் பெயரோ அதிலே வாழ்கிறது.

அந்தச் சீட்டும் நெடுநாட் காக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் எல்லை தாண்டிச் சுவிற்சர்லாந்து சேர்ந்தார். லோசான் நகரில் ஒரு விடுதியிலே சொற்ப காசுக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அங்கிருந்து ஒல்லாந்து வழியாகக் கப்பலேறி, 1794இல் அமெரிக்கா சென்றார். வயது முப்பத்தொன்பது. கையிற் பணமில்லை, ஊரிலே வீடும் நிலமும் முந்திரிகைத் தோட்டமும் பறிமுதலாயின. நியூயோர்க் நகரிற் பகலிலே பிரெஞ்சு மொழி கற்பித்தார். மாலையிலே நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தார். ஒரு தேசத்தின் சட்டம் இயற்றிய சபையில் இருந்தவர், பிறர் ஆடும் நாடகத்துக்குப் பக்கவாத்தியம் வாசித்துச் சீவித்தார். இதைப்பற்றி ஒரு முறைப்பாடும் நூலில் இல்லை.

அகதி வாழ்வை அவர் எழுதியிருக்கும் விதம் நமக்குச் சிறப்பாக ஆராயத்தக்கது. நாடிழந்த பிரெஞ்சுக்காரர் பலர் அப்போது அயல்நாடுகளிற் சிதறிக் கிடந்தனர். அவர்களுட் சிலர் தம்முடன் கொண்டுசென்ற சொத்துத் தம்மூர்ச் சமையல் ஒன்றுதான் என்பதை அவர் வேடிக்கையாகக் காட்டுகிறார். கொலே என்னும் கப்பற் தலைவர் நியூயோர்க்கிலே குளிர்ப் பாகும் பனிக் கூழும் விற்றுப் பொருளீட்டினார். பொஸ்டன் நகரிற் போசனசாலை வைத்திருந்த யூலியன் என்பவருக்குப் பாற்கட்டி சேர்த்து முட்டை கிண்டும் முறையைச் சவாரனே கற்றுக்கொடுத்தார். அப்பண்டம் ஊரிற் பிரசித்தமாகவே, அவர் நன்றியறிதலாகக் கனடாவிலிருந்து வந்த மானிறைச்சியை நியூயோர்க்குக்கு அனுப்பிவைத்தார். இலண்டனுக்குப் போன தால்பிஞ்ஞாக் என்னும் பிரபுவின் கதை எல்லாவற்றிலும் விநோதமானது. ஒரு விடுதியில் அயல் மேசைக்காரர் வேண்டியதன்பேரில் அவர்களுக்கு இலைக்கறிச் சம்பல் கலந்து கொடுத்தார். அதன் கீர்த்தி பரவிப் பெரிய வீடுகளெல்லாம் அவரை அழைக்கத் தொடங்கின. வினாகிரி வகைகளும் எண்ணெய்களும் நிறைந்த பெட்டியோடு வண்டியில் வீடு வீடாகச் சென்று சம்பல் கலந்தே பெரும் பொருள் தேடி நாடு திரும்பினார். பரிதாபம் என்று சொல்லக்கூடிய இந்த வாழ்க்கைகளைச் சவாரன் எவ்விடத்தும் பரிதாபமாகச் சொல்லவில்லை. அவர்கள் கையிலிருந்த வித்தையை மதித்துச் சொல்கிறார்.

அமெரிக்க நாட்களில் அவர் பெரிதும் போற்றியது வான்கோழி வேட்டையை. 1794ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கனெற்றிக்கட் மாநிலத்து ஹாட்போர்ட் நகருக்கு அப்பால், பியூலோ என்னும் முதிய கமக்காரர் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். அமெரிக்க சுதந்திரப் போரிற் போராடிய மனிதர் அவர். நான்கு பெண்மக்களின் தந்தை. உப்பிட்ட மாட்டிறைச்சி, வாத்து, கிழங்குகள், மேசையின் இரு முனைகளிலும் அப்பிள் மதுச் சாடிகள் என அந்த வீட்டுச் சாப்பாடு விரிந்தது. மறுநாட் காட்டிற் கௌதாரிகளையும் சாம்பல் நிற அணில்களையும் சுட்டபின், வான்கோழியொன்று சவாரன் கைக்கு வந்தது. விடைபெறும் வேளையிற் பியூலோ அவரைத் தனியே அழைத்து, தம் நிலத்திலிருந்தே தமக்கு வேண்டிய யாவும் கிடைப்பதையும், வரிச்சுமை அற்பமாயிருப்பதையும், சுதந்திர நாட்டிற் கமக்காரன் எவ்வளவு நிம்மதியாக உறங்குகிறான் என்பதையும் எடுத்துரைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் சவாரன் ஆழ்ந்த யோசனையில் இருந்தார். பெரியவரின் அரசியல் உரையையே எண்ணுகிறார் என்று நாமும் கருதுவோம். அவர் யோசித்தது வான்கோழியை எவ்வாறு சமைப்பதென்று! கௌதாரிச் சிறகுகள் தாளிற் சுற்றிச் சமைக்கப்பட்டன; அணில்கள் மதீரா மதுவில் வெந்தன; வான்கோழி வாட்டி வைக்கப்பட்டது.

இங்கே அவர் தம்மையே நகையாடுகிறார் என்பது வெளிப்படை. ஆயினும் அதனைச் சற்று உற்று நோக்கினால், நாடும் நிலமும் இழந்த ஒருவனிடம் தன் நிலத்திற் கால் ஊன்றி நிற்கும் ஒருவன் பேசிய பேச்சு அது. அந்தப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்து முப்பது ஆண்டுகளின் பின் எழுதியவர் அதனைக் கேட்கவில்லை என்று நான் நம்பவில்லை.

1796இல் நாடு திரும்பினார். முந்திரிகைத் தோட்டம் பிறர் கைக்குப் போய்விட்டது. சிறிது காலம் படைத்தலைவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலைசெய்து, 1800ஆம் ஆண்டிற் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்தார். நெப்போலியன் வந்தார், போனார். பூர்போன் அரசர்கள் மீண்டு வந்தனர். சவாரன் ஆசனம் அசையவில்லை. இக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வழக்குகளைக் கேட்டார், நண்பரை அழைத்து விருந்திட்டார், விடுமுறைக் காலத்திற் சொந்தப் பிரதேசம் சென்று சகோதரிகளோடு தங்கினார், மற்ற நேரத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் எழுதினார்.

நூல் முப்பது தியானங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. தியானம் என்ற பெயரைக் கண்டு அஞ்சவேண்டாம். புலன்கள், பசி, தாகம், உறக்கம், கனவு, பருத்தல், மெலிதல், உபவாசம், மரணம் என்று தலைப்புகள் கனத்துத் தோன்றினும், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் சாஸ்திரம் வந்தவுடன் ஒரு கதை குறுக்கிடும். முகப்பில் இருபது சூத்திரங்கள் இருக்கின்றன. அவை உலகெங்கும் எடுத்தாளப்பட்டுத் தேய்ந்துவிட்டன. நூலைத் திறவாதோரும் அவற்றை அறிவர். நூலின் உயிர் அவற்றில் இல்லை என்பது என் துணிபு. இறைச்சிச் சாற்றின் சாரமென அவர் கொண்டாடிய பொருளின் பெயரை இரசாயன நூலார் கைவிட்டு நெடுங்காலமாகிறது. ஆனால் மாப்பண்டங்களும் கிழங்குமே உடலைப் பருக்கச் செய்கின்றன, பருத்தவர் அவற்றைக் குறைக்கவேண்டும் என்று அவர் கூறியது இன்றைய வைத்தியர் பலரின் வாயிலும் கேட்கிறது. தமது தொந்தியோடு தாமே நெடும்போர் புரிந்தவராதலால் அந்த அத்தியாயத்தில் அனுபவம் பேசுகிறது. பொரித்தலைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மீனைச் சரிவரப் பொரிக்காத தமது சமையற்காரனை நிறுத்திவைத்து, கொதிநீரின் சூட்டுக்கும் கொதியெண்ணெயின் சூட்டுக்கும் உள்ள பேதத்தைப் பேராசிரியர் தோரணையில் அவர் விளக்குகிறார். பௌதிக பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அதனை ஒருமுறை படித்தல் நன்று.

பெருமீன் கதையையும் விடமுடியாது. பாரிசுக்கு அண்மையிலுள்ள வில்கிறேன் என்னும் ஊரில், நண்பர் வீட்டுக்குப் பெரியதொரு தட்டைமீன் வந்திருந்தது. அதனை அடக்க ஏற்ற பாத்திரம் இல்லை. வெட்டுவதா, வெட்டாமல் விடுவதா என்று கணவனும் மனைவியும் வாதாடிக்கொண்டிருந்தனர். சவாரன் வந்தார், வெட்டலாகாது என்று தீர்ப்பளித்தார், வீடெல்லாம் சுற்றினார். சலவைக் கூடத்திலே, அடுப்போடு பதித்த பெரிய செப்புக் கிடாரம் இருந்தது. பிரம்புத் தட்டொன்றில் வெங்காயமும் வாசனைப் பூண்டுகளும் பரப்பி, அதன்மேல் மீனைக் கிடத்தி, நீர் கொதிக்கும் கிடாரத்தின்மேல் வைத்து, மேலே ஒரு தொட்டியைக் கவிழ்த்து, ஆவி வெளியேறாதபடி விளிம்பில் மணலை இட்டு மூடினார். மீன் சிதையாமல், நிறங்கெடாமல் வெந்தது. விருந்தினர் வியந்தனர். ஆவியிற் பிட்டு அவிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும் வழக்குத் தீர்க்கும் கம்பீரத்தோடு ஒரு நீதிபதி இதனைச் செய்து முடிப்பதைப் படிக்கையில் நமக்கும் சிரிப்பு வருகிறது.

எல்லாவற்றையும்விட நான் மீண்டும் மீண்டும் படிப்பது வேறொரு சிறு விருந்து. எழுபது கடந்த இரு சகோதரர், ஒருவர் வைத்தியர், மற்றவர் படைத்தலைவர், அவருக்கு உறவினர். அவர்களை ஒருநாட் காலை பத்து மணிக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார். சிப்பி, ஈரல் வகை, பாற்கட்டி சேர்த்த முட்டை, பழம், கோப்பி என்று மெல்ல மெல்ல வந்தன. உண்டபின் வீட்டைக் காட்டினார், பொருள்களைக் காட்டினார். போக எழுந்தவர்கள் போகவில்லை. பொழுது சாய்ந்து, மறுபடியும் தேநீர் அருந்தியே பிரிந்தனர். உண்ணும் இன்பம் வேறு, பந்தியின் இன்பம் வேறு என்று அவர் ஓரிடத்தில் பகுத்துக் கூறுகிறார். முன்னதற்குப் பசி போதும். அது விலங்குக்கும் உரியது. பின்னதற்கு இடமும் ஒழுங்கும் உடனிருப்போரும் வேண்டும், பசிகூட வேண்டியதில்லை. அந்தப் பகுப்பைவிட இந்த இரு கிழவரின் ஒருநாட் பொழுதே நமக்கு அதனை விளங்கவைக்கிறது.

அவரை அறிந்தோர் எல்லாரும் அவரைப் புகழவில்லை. அந்நாளின் தலைசிறந்த சமையற் கலைஞர் கரேம், சவாரனுக்கு உண்ணத் தெரியாது என்றே எழுதிவைத்தார். அளவுக்கு மிஞ்சி உண்பார், பேச்சிற் சுவையிராது, விருந்து முடிவில் தூங்கி விழுவார் என்பது அவர் கட்சி. அது உண்மையாயின் நமக்கு நட்டமில்லை. பந்தியிலே தூங்கியவர் எழுத்திலே விழித்திருந்தார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாண் கேட்டு நடந்த பெண்களை நான் முன்னர்க் குறிப்பிட்டேன். பசி என்ற தலைப்பிலே தனித் தியானம் எழுதிய மனிதர், பசியைத் தீர்க்க வழியுள்ளோரின் பசியையே எழுதினார். தம் கண்முன் ஓர் அரசைக் கவிழ்த்த பசிக்கு அங்கே இடம் கொடுத்தாரில்லை. தமக்கு நேர்ந்த துன்பத்தை மறைத்தது பெருந்தன்மை. பிறர் பசியை மறந்ததை அப்பெயரால் அழைக்க முடியாது. நூலை நேசிப்போரும் இதனைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் மரணத்தை அவர் மறக்கவில்லை. தொண்ணூற்று மூன்று வயதான பெரிய பாட்டியாரின் இறுதி வேளையில் அருகிருந்ததை எழுதுகிறார். தளர்ந்து கிடந்த அவருக்குப் பழைய மதுவை ஊட்டுகிறார். அதனை விழுங்கிய மூதாட்டி, அவ்வயதுக்கு வந்தால் உறக்கம் வேண்டியதுபோல மரணமும் வேண்டியதாகிவிடும் என்ற கருத்துப்படப் பேசிச் சிறிது நேரத்திற் கண்மூடுகிறார். சுவையைப் பற்றிய நூலில் இந்தப் பக்கம் அமைதியாக வந்து அமைதியாகப் போகிறது.

நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. நீதிபதி சாப்பாட்டைப் பற்றி எழுதினார் என்று உலகம் நகைக்குமே எனத் தயங்கித் தம் பெயரை மறைத்து, பேராசிரியர் ஒருவர் இயற்றியது என்று மட்டும் அச்சிடச் செய்தார். பின்னாளிற் பல்சாக் என்னும் பெருநாவலாசிரியர் அந்தத் தலைப்பின் சாயலிலே தம் நூலொன்றுக்குப் பெயர் சூட்டினார். சவாரனின் வரலாற்றையும் எழுதினார். 1839ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தேநீர், கோப்பி, புகையிலை முதலியவற்றைப் பற்றிய அநுபந்தம் ஒன்றும் எழுதிச் சேர்த்தார். 1949இல் அமெரிக்க எழுத்தாளர் மே. பி. கே. பிஷர் அம்மையார் அதனை ஆங்கிலத்திலே தம் குறிப்புகளோடு மொழிபெயர்த்தார். மூலத்தோடு வாதாடும் அக்குறிப்புகளும் படிக்கத்தக்கவை. பாற்கட்டி ஒன்றும் பணியாரம் ஒன்றும் அவர் பெயரை இன்றும் தாங்குகின்றன.

1826ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், தலை துணிக்கப்பட்ட பதினாறாம் லூயி மன்னரின் நினைவுத் திருப்பலி செந்தெனி ஆலயத்தில் நடந்தது. மன்னருக்காக அன்று வழக்காடிய தெசேஸ் என்பவரே இப்போது மேன்முறையீட்டு நீதிமன்றத் தலைவர். அவரிடமிருந்து சவாரனுக்கு அழைப்புச் சென்றது. முன்னரே தடிமனால் வருந்திக்கொண்டிருந்த முதியவர் மறுக்கமுடியாமற் சென்றார். மாரிக்காலம், கல்லாலான பேராலயம், நீண்ட பூசை. குளிர் நெஞ்சிலே தங்கிவிட்டது. பெப்ரவரி 2ஆம் நாள் அவர் காலமானார். நூல் கடைகளுக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அதன் முகப்பில் இன்னும் அவர் பெயர் இல்லை.